சொந்தமாக நாவல் போடுவது: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதை எழுதுகிறவர்கள் சிலர் கூடிப் படிக்கிறோம். ஓமலூர், ஆத்தூர், ஏற்காட்டிலிருந்துகூட வருவார்கள். நான் மூன்று நாவல்களைச் சொந்தமாக அச்சிட்டு விற்றவள் என்பதால், கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். போனிலும் அதே சந்தேகங்கள். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நாவல், சிறுகதை எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற வகைப் புத்தகங்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

சொந்தமா புத்தகம் போடறதுன்னா என்னங்க? காசு கட்டி ஒரு பதிப்பகத்துல போட்டா அதுவும் சொந்தப் பதிப்புதானே?

இல்லை, இரண்டும் வேறு. சொந்தப் பதிப்பு என்றால் பதிப்பாளர் நீங்கள்தான். எடிட்டர் யார், அட்டை எப்படி, எந்த அச்சகம், என்ன விலை, எங்கே விற்பது எல்லாம் உங்கள் முடிவு. பணமும் உங்களுடையது, அச்சாகி வரும் பிரதிகளும் உங்களுடையவை, விற்று வரும் காசும் உங்களுடையது.

காசு கட்டிப் பதிப்பகத்தில் போடும்போது செலவு மட்டும் உங்களுடையது. பிரதிகள் யாருக்கு, உரிமை யாரிடம் என்பதெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறதோ அதன்படிதான். இதைப் பற்றிப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன். சென்னையிலுள்ள நோஷன் பிரஸ், பெங்களூரிலுள்ள போத்தி போன்றவை இன்னொரு வகை. ஆர்டர் வந்தபிறகு பிரதி அச்சிட்டு அனுப்புவார்கள். அங்கேயும் விலையும் முடிவும் உங்கள் கையில் இருப்பதால் அதைச் சொந்தப் பதிப்போடுதான் சேர்ப்பேன்.

பதிப்பகத்துக்காரங்க நிராகரிச்சவங்கதானே சொந்தமா போடறாங்க? கௌரவக் குறைச்சல் இல்லையா?

தமிழில் இது புதுப் பழக்கம் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வருவதற்கு முன்பே பலரிடம் கையொப்பம் (இன்றைய முன்பதிவு மாதிரி) வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். பாரதியார் 1920-இல் தம் எழுத்துகளை 40 பகுதிகளாக வெளியிட நினைத்து, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். அது நடக்கவில்லை. ஆனாலும் இந்த வழியில் நமக்கு முன்னால் போனவர்கள் யார் என்று தெரிந்துகொண்டால் கௌரவக் கவலை தானாகப் போய்விடும்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. நல்ல பதிப்பகம் எழுத்தாளருக்குத் தருவதில் பெரியது பணமும் இல்லை, பெயரும் இல்லை. "இது இன்னும் ஆகலை, திருப்பி எழுதுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஒரு ஆள். சொந்தமாகப் போடும்போது அப்படித் தடுக்க யாரும் கிடையாது. அச்சகக்காரர் நீங்கள் கொடுக்கிற எதையும் அச்சடிப்பார், அதுதான் அவர் தொழில். அந்த 'இன்னும் ஆகலை'யைச் சொல்ல ஆளை நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும், தேவைப்பட்டால் சம்பளம் கொடுத்து.

முதல் நாவல் என்றால் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். பதில் வராவிட்டாலும் அந்த ஆறு மாதம் கையெழுத்துப் பிரதியை மூடி வைத்திருந்து, பிறகு எடுத்துப் படிக்கும்போது உங்களுக்கே பத்துக் குறை தெரியும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரே நம்பரா சொல்லுங்கக்கா.

ஒரே நம்பராகச் சொன்னால் தப்பாகிவிடும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் அச்சகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நாவல்களுக்கு வழக்கமான டெம்மி அளவில் 208 பக்கம், விலை 250 ரூபாய், 300 பிரதி. பிரதிக்கு அச்சுச் செலவு 90 என்றால் 27,000. எடிட்டிங், மெய்ப்பு (பிழை திருத்தம்), பக்க வடிவமைப்பு (லே-அவுட்), அட்டை எல்லாம் சேர்த்து 25,000. ஆக 52,000. இவ்வளவும் புத்தகக் கடை வழியாகவே விற்று, கடைக்கு 40 சதவீதக் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்குப் பிரதிக்கு 150 வரும். 300-ம் விற்றாலும் 45,000தான், 7,000 கைநஷ்டம். எல்லாவற்றையும் நீங்களே 10 சதவீதத் தள்ளுபடியில் விற்று, தபாலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் 40 ரூபாய் போனால் பிரதிக்கு 185 நிற்கும். அப்போது 55,500, அதாவது 3,500 மிச்சம்.

முதல் அச்சில் போட்ட பணம் திரும்பினாலே நல்லபடி நடந்தது என்று அர்த்தம். இரண்டாம் அச்சில் அந்த 25,000 கிடையாது, அங்கேதான், நீங்களே விற்றால், பிரதிக்கு 95 ரூபாய் நிற்க ஆரம்பிக்கும். பதிப்பகத்தில் வழக்கமாகப் பேசப்படும் 10 சதவீத ராயல்டியில் இதே புத்தகத்துக்கு 25 ரூபாய்தான் வரும். ஆனால் உங்கள் கையிலிருந்து ஒரு பைசா போகாது, சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து பார்சல் ஒட்டவும் வேண்டாம். எது லாபம் என்பது உங்களிடம் பணம் அதிகமா, நேரம் அதிகமா என்பதைப் பொறுத்தது.

208 என்று ஏன் சொன்னேன் என்றால், அச்சில் 16 பக்கம் சேர்ந்து ஓடுவது ஒரு பாரம், 208 என்றால் சரியாக 13 பாரம். 210 ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட வேண்டி வரும். லே-அவுட் செய்கிறவரிடம் முன்கூட்டியே சொன்னால் எழுத்தளவையோ ஓரத்தையோ கொஞ்சம் மாற்றி அடக்கிவிடுவார். இன்னொன்று: அச்சிட்ட புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை, அச்சகத்தின் பில்லுக்கு உண்டு. சொல்கிற ரேட்டில் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆயிரம் அடிச்சா காப்பி பாதி விலைங்கறாங்களே, ஆயிரமே போட்டுடலாமா?

வேண்டாம். நான் முதல் நாவலுக்கு இதைத்தான் செய்தேன். ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் மெஷின் ஏற்றுவதற்கும் ஆகும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக் கூடப் பிரதிக்கு விலை இறங்கும். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் விற்காத பிரதியின் விலை அதில் இல்லை. சிவகாசியிலிருந்து வந்த மூட்டைகளை லாரி பார்சல் ஆபீஸில் எடுத்து மினி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினோம். நான்கு வருடம் கழித்து 430 பிரதிகள் கட்டிலுக்கு அடியிலும் பீரோ மேலேயும் இருந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார்கள். அது மனதை அழுத்தியது. இரண்டாவது நாவலைத் தொடங்கவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இப்போது நான் சொல்வது இதுதான்: ஒரு நோட்டில் பெயர் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்குவார் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மட்டும். முன்பணம் வாங்கிக்கொண்டே எழுதினால் இன்னும் நல்லது, மேலே சொன்ன சாமிநாதையரின் கையொப்பம் மாதிரிதான். 60 பெயர் வந்தால் 120 பிரதி, பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் போடுங்கள். தீர்ந்தால் திரும்ப அச்சடிக்க ஒரு வாரம் போதும்.

எடிட்டர் எதுக்கு? என் வீட்டுக்காரம்மா தமிழ் டீச்சர், வரிக்கு வரி படிச்சுட்டாங்க.

அவர் பார்த்தது பிழை. அதுவும் வேண்டும், ஆனால் அது மெய்ப்புத் திருத்தம். எடிட்டர் பார்ப்பது கதை. என் இரண்டாவது நாவல் நெசவுக் குடும்பத்தைப் பற்றியது. ஒன்பது பேர் படித்து, அருமை என்றார்கள். பத்தாவதாக ஒரு எடிட்டரிடம் கொடுத்தேன். அவர் போனில் கேட்ட முதல் கேள்வி: "மூணாவது அத்தியாயத்துல தறியை வித்துட்டாங்க. ஒன்பதாவதுல பாட்டி எந்தத் தறிக்குழியில கால் விட்டு உட்கார்றாங்க?" எனக்குப் பேச்சே வரவில்லை. ஒன்பது பேருக்கும் என்மேல் பிரியம், பிரியத்தோடு படிக்கிறவர் கண்ணுக்கு அது படாது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. முதல் 22 பக்கம் ஊர் வர்ணனை, அதை எடுத்துவிட்டுப் பாட்டி பாவு ஓட்டும் காலையிலிருந்து கதையை ஆரம்பிக்கலாம் என்றார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு எடுத்தேன். அந்த நாவலைப் படித்தவர்கள் இன்றைக்கும் பேசுவது அந்த முதல் பக்கத்தைத்தான்.

பணம் குறைவாக இருந்தால் அட்டையில் குறையுங்கள், தாளில் குறையுங்கள், விழாவை விட்டுவிடுங்கள். எடிட்டிங்கில் குறைக்காதீர்கள். வரிசை முக்கியம்: முதலில் எடிட்டிங், அப்புறம் லே-அவுட், அதற்கும் பிறகு மெய்ப்பு. லே-அவுட் முடிந்தபின் அத்தியாயத்தை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும், புதுப் பிழையும் சேரும்.

பிழை திருத்தறவர் எங்க ஊர்ப் பேச்சை எல்லாம் சுத்தத் தமிழா மாத்திட்டாருங்க. அவர் சொல்றதுதான் சரியா?

சந்திப் பிழையில் அவர் சரி, பேச்சில் நீங்கள் சரி. 'பொடக்காலி' என்று நீங்கள் எழுதியதை அவர் 'புழக்கடை' என்று மாற்றினால் அந்த வீடே வேறு ஊருக்குப் போய்விடும். ஊர்ப் பேச்சை யாருடைய அனுமதியும் இல்லாமல் அப்படியே வைக்க முடிவதுதான் சொந்தப் பதிப்பில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேலையைக் கொடுக்கும்போதே ஒரு தாளில் கைவைக்கக் கூடாத சொற்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'மேற்கோள் குறிக்குள் இருப்பதில் எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள்' என்றும் ஒரு வரி. அதே சமயம், ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'போறேனுங்க' என்றும் அடுத்த பக்கத்தில் 'போகிறேங்க' என்றும் பேசினால் அது ஊர்ப் பேச்சு இல்லை, உங்கள் கவனக் குறைவு. அதை அவர் காட்டினால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் போன்ல டைப் பண்ணினேன். அச்சகத்துல 'ஃபாண்ட் மாத்தணும்'னாங்க, மாத்தினதும் பாதி எழுத்து சிதறிடுச்சு. ஏன்?

போனில் அடிப்பது யூனிகோடு, எந்தக் கருவியிலும் திறக்கும் பொது எழுத்து முறை. நம் பக்கத்து டிடிபி சென்டர்கள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துரு முறைகள்தான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும்போது ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் போகும், 'ஸ்ரீ' கட்டமாக நிற்கும். முடிந்தால் யூனிகோடிலேயே லே-அவுட் செய்கிறவரைத் தேடுங்கள். இல்லையென்றால் மாற்றியபின் முழுப் புத்தகத்தையும் தாளில் பிரிண்ட் எடுத்துப் படிக்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையும் உண்டு. 'கௌரி' என்ற பெயரை பலர் ஔகாரக் குறி போடாமல், 'கெ' அடித்து அதன் பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டி 'கெளரி' என்று எழுதிவிடுவார்கள். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். மின்னூலில் வாசகர் 'கௌரி' என்று தேடினால் ஒன்றும் வராது, குரலில் படிக்கவிட்டால் 'கெ-ள-ரி' என்று படிக்கும். கோப்பில் ஒருமுறை தேடி மாற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஐஎஸ்பிஎன் கட்டாயமா? எங்கிட்ட அதுக்குத் தனியா காசு கேக்கறாங்க.

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கான தனி அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. அது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது. எழுத்தாளரே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். உடனே வந்துவிடாது, அதனால் அட்டை வேலைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். உங்களுக்காக விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர் கூலி கேட்டால் அது கூலிதான், எண்ணின் விலை இல்லை.

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் கடை, நூலகம், இணைய விற்பனை என்று போனால் கேட்பார்கள். காகிதப் பிரதிக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். அமேசானின் கிண்டில் மின்னூலுக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. இலவசமாக எண் தருகிற நிறுவனம் வழியாக வாங்கினால் பதிவேட்டில் பதிப்பாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயர் இருக்கும். அது பரவாயில்லையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் என் பெயரில்தான் வாங்குகிறேன்.

காப்பிரைட் பதியாம வெளியிட்டா கதையைத் திருடிட மாட்டாங்களா?

எழுதிய நிமிடமே உரிமை உங்களுடையது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை நிற்கும். பதிவு செய்தால் வழக்கு வரும்போது கையில் ஒரு சான்று இருக்கும். இலக்கிய நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். சினிமாவுக்குக் கதை கொடுக்கும் எண்ணம் இருந்தால் பதிந்துவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சட்டம் காப்பது நீங்கள் எழுதிய எழுத்தை. 'ஏற்காட்டு எஸ்டேட்டில் ஒரு கொலை' என்கிற யோசனையை இல்லை.

அச்சே வேண்டாம், கிண்டில்ல மட்டும் போட்டா போதாதா?

செலவைக் குறைக்க அதுதான் சுலபம். கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் இருக்கிறது. கட்டணம் கிடையாது, பிரதி தேங்காது, துபாயில் இருக்கிறவரும் அதே நிமிடம் வாங்கலாம். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராகப் போட்ட நாவலை முதலில் அங்கிருந்து எடுத்துவிட்டுத்தான் இதில் சேரலாம். அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை.

விட்டுக்கொடுப்பது எது என்றால், நம் ஊர் வாசகரை. அம்மாப்பேட்டையில் என் நாவலைப் படித்த நெசவாளர் ஒருவர்கூட அதைத் திரையில் படிக்கவில்லை. ஒரு நெசவாளர் வாங்கிய பிரதி ஐந்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து அவரிடமே திரும்பி வந்தது. வெளிநாட்டு வாசகரும் துப்பறியும் கதை, குடும்ப நாவல் விரும்பிகளும் மின்னூலில் நிறைய இருக்கிறார்கள். உங்கள் கதையை யார் படிப்பார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டும் செய்ய முடிந்தால் இரண்டும் செய்யுங்கள்.

கடையில கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு புத்தகக்காரர்கிட்ட கணக்கு வெக்க முடியாதுங்கறார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு புத்தகத்துக்காக தனி ரசீது, தனிக் கணக்கு. அதோடு கடைகள் பெரும்பாலும் விற்றபிறகுதான் பணம் தரும், அதைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். ஐந்து பிரதி மட்டும் கொடுத்து, டெலிவரி சலானில் கையெழுத்தும் கடைச் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள்.

மாவட்ட நிர்வாகம் நடத்தும் சேலம் புத்தகத் திருவிழாவில் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி ஸ்டால் எடுப்பது கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் வைக்கச் சொல்லி, கழிவு பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்களும் மாலையில் அங்கே போய் நில்லுங்கள். எழுதியவர் பக்கத்தில் நின்று பேசினால் பிரதி நகரும், இல்லாவிட்டால் அடுக்கிலேயே இருக்கும்.

லைப்ரரி ஆர்டர் கிடைச்சா போட்ட காசு வந்துடும்ல?

கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பி அச்சடிக்காதீர்கள். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் பொது நூலக இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வுக்கும் பணத்துக்கும் காலம் பிடிக்கும். அதுவரை கடனுக்கு வட்டி ஓடும்.

இதோடு பலருக்குத் தெரியாத ஒரு கடமையும் இருக்கிறது. 1954-ஆம் வருடச் சட்டப்படி, புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள் என நான்கு இடத்துக்குப் பதிப்பாளர் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். பதிப்பாளர் நீங்கள்தானே. கன்னிமாராவுக்கு அனுப்பினால் உங்கள் புத்தகம் காப்பாற்றி வைக்கப்படும் என்பதை நினைத்தால் அந்தத் தபால் செலவு பெரிதாகத் தெரியாது.

ஏற்காட்டுல எங்க வீட்டுல வெச்சிருந்தேன், மழைக்காலம் முடிஞ்சு பார்த்தா அட்டை சுருண்டு புத்தகம் பூத்துப்போச்சு. என்ன செய்ய?

பூத்ததைத் துணியால் துடைத்து மின்விசிறிக் காற்றில் பிரித்து வையுங்கள். வெயிலில் போடாதீர்கள், பசை உலர்ந்து முதுகு வெடிக்கும். அட்டை சுருள்வதற்குக் காரணம் லேமினேஷன். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் படலம், உள்பக்கம் வெறும் அட்டை. மூடுபனியில் உள்பக்கம் ஈரம் குடித்து விரியும், வெளிப்பக்கம் விரியாது, அதனால் வெளியே பார்த்துச் சுருளும். காய்ந்த இடத்தில் பத்துப் பத்தாக மாற்றி அடுக்கி, மேலே பாரம் வைத்தால் ஓரளவு படியும்.

இனிமேல் மலையில் பத்துப் பிரதிக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சத்தை சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். இங்கேயும் தரையில் வேண்டாம். பலகைமேல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. ராமபாணப் பூச்சி வராமலிருக்க வசம்பு போடுங்கள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வெளியீட்டு விழா வெக்கணுமா?

மண்டபம், பேனர், பொன்னாடை, சாப்பாடு என்று போட்டால் 300 பிரதி அச்சடிக்கும் பணம் போய்விடும். 25 பேர் உண்மையாகப் படித்துவிட்டு வந்து பேசும் கூட்டம் போதும். வைத்தால் வாசலில் பணம் வாங்கிப் பிரதி கொடுக்க ஒருவரை உட்கார வையுங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தால் உங்கள் முதல் வாசகர்களை நீங்களே இழந்துவிடுவீர்கள்.

ஒரு கம்பெனிக்காரங்க பேக்கேஜ் சொன்னாங்க, எடிட்டிங் முதல் விளம்பரம் வரை எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்களாம். கையெழுத்துப் போடலாமா?

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். அவசரப்படுத்தினால் அதுவே பதில். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இப்படிக் கட்டிவிட்டு வந்தார். 'எடிட்டிங்' என்றது கணினியில் எழுத்துப் பிழை பார்த்தது, 'விளம்பரம்' என்றது அவர்கள் பக்கத்தில் ஒரே ஒரு படம். மின்னூல் உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் அவர்களிடம் போயிருந்தது. கதையைத் திரும்ப வாங்க அவர் இன்னும் அலைகிறார்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது உங்களிடம் திரும்பிவிடும். ஆகவே 'அனைத்து உரிமைகளும்', 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணம் நீங்கள் கட்டி, உரிமையும் அவர்களுக்குப் போவது எந்தக் கணக்கிலும் சேராது. லே-அவுட்டின் மூலக் கோப்பும் அட்டைக் கோப்பும் உங்களுக்கு வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த அச்சுக்கு அவைதான் ஆதாரம்.

அட்டைப் படத்தை ஏஐ-ல போட்டுக்கலாமா?

கிண்டிலில் ஏற்றும்போது ஏஐ உருவாக்கியதா என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்ல வேண்டும். என் விருப்பம் நம் ஊர் ஓவியர். நான் பார்த்த ஏஐ படங்களில் தறியும் சரியாக வரவில்லை, சேலத்துக் கொலுசும் சரியாக வரவில்லை.

என் நாவல்ல வர்ற வில்லன் எங்க தெருக்காரர்தான், பேரை மட்டும் மாத்தியிருக்கேன். 'எல்லாம் கற்பனையே'ன்னு முன்னாடி போட்டா தப்பிச்சுக்கலாமா?

அந்த வரி மட்டும் காப்பாற்றாது. பெயர் மாறினாலும், படிக்கிற தெருவே 'இவர்தான்' என்று சொல்லுமானால் அது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு அதற்கானது. பதிப்பகம் என்றால் இப்படிப்பட்ட இடத்தைப் பார்த்து நிறுத்திக் கேட்பார்கள். உங்கள் புத்தகத்தில் எழுதியவரும் நீங்கள், பதிப்பாளரும் நீங்கள். நோட்டீஸ் வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே நிற்க வேண்டும்.

தொழிலை மாற்றுங்கள், குடும்பத்தை மாற்றுங்கள், தெருவை மாற்றுங்கள், நடந்ததையும் கலைத்துப் போடுங்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரு ஆளாக்குங்கள். இப்படி மாற்றும்போது கதாபாத்திரம் பெரும்பாலும் இன்னும் நன்றாகத்தான் வருகிறது. சாதி, கோயில், உள்ளூர்க் குடும்பச் சண்டை வருகிற இடங்களை, அந்த ஊரைத் தெரிந்த ஒருவரிடம் அச்சுக்கு முன் படிக்கக் கொடுங்கள்.

சொந்தமா போட்டு 260 காப்பி போச்சு. இப்ப ஒரு பதிப்பகம் அதே நாவலைக் கேக்குது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அவசரமில்லாமல். இப்போது உங்கள் கையில் விற்பனைக் கணக்கு இருக்கிறது, முதலில் அனுப்பியபோது அது இல்லை. அச்சு உரிமை மட்டும், ஐந்து வருடத்துக்கு என்று பேசுங்கள். மின்னூல் ஏற்கெனவே நன்றாகப் போனால் அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கேடிபி செலக்டில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஐஎஸ்பிஎன் அவர்கள் புதிதாகப் போடுவார்கள். பேக்கேஜ் கேள்வியில் சொன்ன 19-ஆம் பிரிவு விஷயங்கள் இங்கேயும் அப்படியே.

மிச்சப் பிரதிகளைப் பற்றி முதல் நாளே பேசுங்கள். புதுப் பதிப்பு வந்தபின் பழையதை விற்கக் கூடாது என்றுதான் கேட்பார்கள், அது நியாயம். என் இரண்டாவது நாவலைக் கேட்டு வந்தபோது என்னிடம் 38 பிரதி இருந்தது. 30-ஐ அச்சுச் செலவுக்கே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எட்டை நான் வைத்துக்கொண்டேன். அதில் ஒன்று, ஐந்து வீடு சுற்றி வந்த அந்தக் கிழிந்த பிரதிக்குப் பதிலாக அந்த நெசவாளர் வீட்டுக்குப் போனது.